கதவுச் சின்னத்துக்கு விழுந்த ஓட்டு

மூன்று வருடத்துக்கு முன்னால், பள்ளிக்கூடம் திறந்த ஜூன் மாதம். ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் நடுவில், வாய்க்கால் கரையில், வாழைத் தோட்டங்களைத் தாண்டி இருக்கிற ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்த வயதில், ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை மேல் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எனக்கே சில நாள் சிரிப்பு வருகிறது, சில நாள் வரமாட்டேன் என்கிறது.

அந்தப் பள்ளியில் எனக்குப் பத்தொன்பது வருடம். தலைமையாசிரியர்கள் வருவார்கள், போவார்கள். பள்ளிக்கூடத்தை நடத்துவது நான்தான் என்று ஊருக்கே தெரியும். காலை வழிபாட்டில் யார் எங்கே நிற்பது, சத்துணவு வரிசை எந்தப் பக்கம் திரும்புவது, எல்லாம் என் குரலுக்குத்தான் நடக்கும். என் குரல் வாய்க்கால் வரைக்கும் கேட்கும் என்பார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

வகுப்பு லீடர்களையும் நான்தான் வைப்பேன். நல்ல மார்க், நல்ல கையெழுத்து, என்னிடம் பயம். இது மூன்றும் இருந்தால் லீடர். டீச்சர் இல்லாத நேரத்தில் கரும்பலகையில் ‘பேசியவர்கள்’ என்று எழுதி, கீழே கோடு போட்டு, பேசின பிள்ளைகளின் பேரை எழுதிவைப்பதுதான் லீடரின் முக்கிய வேலை. நான் வந்து அந்தப் பேர்களைப் பார்த்து ஆக வேண்டியதைச் செய்வேன். நீங்களும் அப்படித்தான் படித்திருப்பீர்கள்.

அந்தப் பிள்ளை ஏழாம் வகுப்பில் என்னிடம் இருந்தாள். அவள் அம்மா தோட்டத்தில் வாழையிலைக் கட்டு கட்டப் போகிறவர். பிள்ளைக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதனால் லீடராக வைத்தேன். முதல் நாளே, ஆபீஸ் ரூமுக்குப் போய்விட்டுத் திரும்புகிறேன், வகுப்பு இரைச்சலில் கிழிகிறது. கரும்பலகையில் ‘பேசியவர்கள்’ என்பதற்குக் கீழே ஒரே ஒரு பேர். அவள் பேர்.

“மத்தவங்க பேரு எங்கட்டி?” என்றேன்.

“நான் பேசுனதுதான் டீச்சர் எனக்கு நல்லாத் தெரியும்” என்றாள்.

எவ்வளவு திமிர் பாருங்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அன்றைக்கே லீடர் வேலையிலிருந்து எடுத்துவிட்டேன். அத்தோடு அவளை மறந்தும் போனேன்.

அந்த ஜூனில் எங்களுக்குப் புதுத் தலைமையாசிரியை வந்தார். எங்கள் பக்கம் பெரிய டீச்சர் என்போம். தென்காசிப் பக்கத்துக்காரர், என்னைவிட எட்டு வயது இளையவர். வந்த வாரமே ஆசிரியர் கூட்டத்தில், இனிமேல் பிள்ளைகளே ஓட்டுப் போட்டு மாணவர் மன்றம் அமைக்கட்டும் என்றார். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் மன்றம் கூடும். அவர்கள் கேட்பதைச் செய்ய வேண்டும், செய்ய முடியாவிட்டால் ஏன் முடியாது என்று அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

“பிள்ளைங்க கையில குடுத்தா பள்ளிக்கூடம் சந்தையாயிரும், டீச்சர்” என்றேன்.

“சந்தை நல்லாத்தான டீச்சர் நடக்கு?” என்று அவர் சிரித்தார். மற்ற டீச்சர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தேர்தல் என்றதும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆளுக்கொரு சின்னம் வரைந்து சுவரில் ஒட்டினார்கள். பத்தாம் வகுப்பில் கணக்கில் எப்போதும் முதல் மார்க் வாங்குகிற பையனை நான் நிற்க வைத்தேன். அவன் சின்னம் பேனா. ஒருவன் கிரிக்கெட் மட்டை. ஏழாம் வகுப்பில் நான் லீடர் வேலையிலிருந்து எடுத்த அந்தப் பிள்ளையும் நின்றாள். அவள் வரைந்த சின்னம், கதவு. காவி நிறத்தில் ஒரு கதவு, அதில் தாழ்ப்பாள் கொண்டியை மட்டும் கதவில் பாதிக்குப் பெரிசாக வரைந்திருந்தாள். ஆசிரியர் அறையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

வராந்தாவில் அவளைப் பார்த்தபோது, “ஏட்டி, கதவு என்னதுக்கு? கதவு கதவாத் தட்டி ஓட்டுக் கேக்கப் போறியா?” என்றேன்.

“பிள்ளைங்களுக்குத் தெரியும் டீச்சர்” என்றாள்.

அந்தப் பதில் எனக்குச் சுருக்கென்று தைத்தது. பிள்ளைகளுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாதது இந்தப் பள்ளிக்கூடத்தில் என்ன இருக்கிறது?

ஓட்டு எண்ணுகிற பொறுப்பைப் பெரிய டீச்சர் என்னிடமே கொடுத்தார். ஓட்டுப் பெட்டியாக வைத்த பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து, ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வாசிக்க வேண்டும். கதவு. கதவு. பேனா. கதவு. மட்டை. கதவு. கதவு. வாய்க்கால் வரை கேட்கிற என் குரலிலேயே அத்தனை தடவை அவளை ஜெயிக்க வைத்தேன். பெண்பிள்ளைகள் ஒருத்தி பாக்கியில்லாமல் கதவுக்குப் போட்டிருந்தார்கள் போலிருந்தது.

அன்றிலிருந்து அவளுக்குப் பேர் ‘தலைவரக்கா’. சாப்பாட்டு வரிசையில் இரண்டு பயல்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு அடித்துக்கொள்கிறார்கள் என்று நான் ஓடினால், “தலைவரக்கா பேசி விட்டுட்டாங்க டீச்சர்” என்று பதில் வரும். முன்பெல்லாம் இடைவேளைக்கு உட்காரவிடாமல், “டீச்சர், இவன் கிள்ளுதான்”, “டீச்சர், இவ என் ரப்பரத் தரமாட்டேங்கா” என்று ஆசிரியர் அறை வாசலில் பிள்ளைகள் மொய்ப்பார்கள். நான் விரட்டுவேன். இப்போது யாரும் வருவதில்லை. நிம்மதியாக டீ குடிக்கலாம். ஆனால் டீ இறங்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை உள்ள பிரதிநிதிகள் வட்டமாக உட்கார்ந்து அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கையில் கம்பில்லை, குரலும் உயரவில்லை. பத்தொன்பது வருடம் தொண்டை கிழியக் கத்தி நான் சேர்த்து வைத்த மரியாதையை இவள் சும்மா உட்கார்ந்து வாங்கிக்கொண்டாள் என்று வயிறு எரிந்தது. வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சுத்தான். ஒரு நாள் என் வீட்டுக்காரர் பொறுக்க முடியாமல், “எலெக்சன்ல தோத்தது அந்தப் பத்தாங்கிளாஸ் பையனா, நீயா?” என்று கேட்டுவிட்டார். இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை.

இப்போது சாவி கதைக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு இரண்டு கழிப்பறை. பழையதில் கதவு உளுத்து விழுந்துவிட்டது. அந்த இடத்தில் யாரோ வீட்டுக் காதுகுத்து விழா பிளெக்ஸைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். புதியது முந்தின வருடம் கட்டியது. வழவழவென்று டைல்ஸ், நல்ல கதவு, உள்ளே வாளி, கோப்பை. திறந்துவைத்த அன்று வந்த அதிகாரி போட்டோ எடுத்துப் பாராட்டினார். பிள்ளைகளை விட்டால் ஒரே மாதத்தில் நாறடித்துவிடும் என்று அதைப் பூட்டி, சாவியை என் பொறுப்பில் வைத்துக்கொண்டேன். அதிகாரிகள் வருகிறார்கள் என்று தகவல் வந்தால் திறந்து, கழுவி, பினாயில் தெளித்துக் காட்டுவோம். அவர்கள் போனதும் பூட்டிவிடுவேன். ஆசிரியைகளுக்குத் தனியாக ஒன்று இருக்கிறது, அதற்குத் தாழ்ப்பாளும் இருக்கிறது. அதனால் எனக்கு இதில் ஒரு தப்பும் தெரிந்ததில்லை. புதுசைப் புதுசாகவே வைத்திருக்கிறேன் என்று நினைப்பு.

மன்றம் கூடிய இரண்டாவது வெள்ளிக்கிழமை ஒரு சின்னப் பையன் என்னிடம் துண்டுச் சீட்டு கொண்டுவந்தான். ‘மன்றக் கூட்டத்துக்குத் தாங்கள் வரும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.’ அவள் கையெழுத்து. என்னை! வரச் சொல்கிறாள்! கைப்பையை இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று போனேன். பெரிய டீச்சர் பின்னால் ஒரு பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

அவள் எழுந்து நின்று மரியாதையாகத்தான் கேட்டாள். “டீச்சர், பழைய பாத்ரூமுக்குக் கதவு இல்ல. மேல்காத்து அடிக்கில பிளெக்ஸ் பறக்கு. ஒருத்தி போனா ரெண்டு பேரு புடிச்சுக்கிட்டு நிக்கோம். புதுசத் தொறந்து விட்டா நல்லாருக்கும்னு எல்லாரும் கேக்காங்க. சாவி எங்கன இருக்கு டீச்சர்?”

அப்போதுதான் கதவுச் சின்னம் எனக்குப் புரிந்தது. புரிந்ததும் வெட்கம் வந்திருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என்னிடம் தனியாக வந்து கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா, ஊரைக் கூட்டி வைத்துக் கேட்கிறாளே என்று. இத்தனைக்கும் தனியாக வந்து கேட்ட பிள்ளைகளை நான் எத்தனை தடவை விரட்டியிருக்கிறேன் என்பது அந்த நேரத்தில் ஞாபகமே வரவில்லை.

“சாவி தொலஞ்சு போச்சு” என்றேன்.

சாவி என் அக்குளில் இடுக்கியிருந்த அதே பையில் இருந்தது.

பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். “பூட்ட உடைச்சிரலாமா டீச்சர்?”

“வேண்டாம் டீச்சர், வீட்டுலதான் எங்கயாவது கிடக்கும். தேடித் தாரேன்.”

அவர் சரியென்று விட்டுவிட்டார். அடுத்த திங்களிலிருந்து அவருக்குத் திருநெல்வேலியில் இரண்டு வாரப் பயிற்சி. பள்ளிக்கூடம் என் பொறுப்பு.

அந்த வாரம் முழுக்க மேல்காற்று. வாழை இலையெல்லாம் நார் நாராகக் கிழிந்துபோகிற அளவுக்கு அடித்தது. பிளெக்ஸ் படபடவென்று அடிக்கிற சத்தம் என் வகுப்புக்கே கேட்கும். வெள்ளிக்கிழமை அவள் மறுபடியும் கேட்டாள். தேடுகிறேன் என்றேன். நாங்களே பூட்டை உடைக்கட்டுமா என்றாள். “அரசாங்கப் பூட்ட உடைக்க உனக்கு யாருட்டி அதிகாரம் குடுத்தா? பெரிய டீச்சர் வரட்டும்” என்றேன்.

சொல்லும்போது எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். பிள்ளைகள் அவள் முகத்தைவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் ஒரு பயல் அவளைப் பார்த்து, “கதவு கதவுன்னு ஓட்டு வாங்குன, கதவு எங்க?” என்று கேலி செய்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். அதைக் கேட்ட சந்தோஷத்தில் நான் வீட்டுக்கு இரண்டு முழம் பிச்சிப் பூ வாங்கிக்கொண்டு போனேன்.

அடுத்த புதன்கிழமை, காலை வழிபாட்டில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அப்படியே சரிந்து விழுந்தாள். தொட்டால் உடம்பு கொதிக்கிறது, குளிர் வேறு தூக்கிப் போடுகிறது. இரண்டு நாளாக அடிவயிறு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். யாரிடம்? தலைவரக்காவிடம். அவள் நேற்றே வீட்டில் சொல்லச் சொல்லியிருக்கிறாள், அம்மா வேலைக்குப் போவது கெடும் என்று இது சொல்லவில்லை.

ஆட்டோ பிடித்தேன். பிள்ளை, தலைவரக்கா கையை விடமாட்டேன் என்று பிடித்திருந்ததால் அவளையும் ஏற்றிக்கொண்டேன். வழியெல்லாம் பிள்ளை அவள் மடியில்தான் தலை வைத்திருந்தது. நான் நெற்றியைத் தொட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சொல்லக் கூசுகிறது, அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில், பிள்ளையை நான் தூக்க வேண்டியிருந்ததால் என் கைப்பையை அவளிடம் கொடுத்தேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, சிறுநீரில் தொற்று, கவனிக்காமல் விட்டிருந்தால் சிறுநீரகத்துக்கே போயிருக்கும் என்றார்.

“தண்ணி குடிக்கியாம்மா?” என்று பிள்ளையிடம் கேட்டார்.

அது தலைவரக்கா முகத்தைப் பார்த்தது. “பயப்படாமச் சொல்லுட்டி” என்றாள் அவள்.

“பள்ளிக்கூடத்துல குடிக்க மாட்டேன்.”

“ஏன், தண்ணி குடிக்கதுக்குன்னு மணி அடிப்பாங்கல்லா?”

“மணி அடிச்சா பாட்டில வாயில வச்சுக்கிடுவேன். உள்ள விட மாட்டேன்” என்றது பிள்ளை. “குடிச்சா ஒண்ணுக்குப் போவணும்லா. அங்கன கதவு இல்ல. பயலுவ பாப்பானுவ.”

தண்ணீர் மணி அடித்ததும் வரிசையாகத் தலையை அண்ணாந்து பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கிற பெண்பிள்ளைகளை எத்தனை நாள் வராந்தாவில் நின்று பார்த்திருக்கிறேன்! சாயங்காலம் அந்தப் பாட்டில்கள் கொண்டுவந்த மாதிரியே நிறைந்து வீட்டுக்குப் போவதையும் பார்த்திருக்கிறேன். திரும்ப நிரப்பிக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்தேன்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். “டீச்சர், உங்க பள்ளிக்கூடத்துல கதவுள்ள பாத்ரூமே இல்லையா?”

நான் வாயைத் திறக்குமுன் என் போன் அடித்தது. அது பையில். எடுத்துக் கொடுப்பதற்காக அவள் பையைத் திறந்து கைவிட்டாள். போனோடு சாவியும் வந்தது. சிவப்பு உல்லன் நூலில் ஒரு அட்டைத் துண்டு கட்டியிருக்கும். அதில் என் கையெழுத்தில், ‘பெண்கள் – புதியது’.

அவள் அதை வாசித்தாள். வாசித்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததையும் அவள் பார்த்தாள். சாவியை மெதுவாக உள்ளே போட்டுப் பையை மூடிவிட்டு, போனை என்னிடம் நீட்டினாள். பிறகு டாக்டரம்மாவிடம், “புதுசு ஒண்ணு கட்டியிருக்கு டாக்டர். சீக்கிரம் தொறந்துருவாங்க” என்றாள்.

பிள்ளையின் அம்மா தோட்டத்திலிருந்து சேற்றுக் காலோடு ஓடிவந்து, “ஒங்களாலதான் டீச்சர் எம்பிள்ள பொழைச்சா” என்று என்னைக் கும்பிட்டார். அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் போய்ப் பூட்டைத் திறந்துவிட்டேன். எங்கே கிடைத்தது என்று கேட்டவர்களிடம், அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது என்றேன். வெள்ளிக்கிழமை மன்றத்தில் எனக்கு நன்றி சொல்லிப் பிள்ளைகள் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

அவள் யாரிடமாவது சொல்லியிருப்பாள் என்று ஒவ்வொரு முகமாகத் தேடினேன். ஒரு முகத்திலும் அந்தச் சேதி இல்லை. அது எனக்கு இன்னும் தாங்க முடியாமல் போயிற்று. சொல்லியிருந்தால், பார்த்தீர்களா, டீச்சர் என்றும் பார்க்காமல் மானத்தை வாங்கிவிட்டாள் என்று நாலு பேரிடம் புலம்பியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல், வாயைத் திறக்காமலே என்னை ஜெயித்துவிட்டாள். ஓட்டில் ஜெயித்தபோது எரிந்ததைவிட இது அதிகமாக எரிந்தது.

ஒரு வாரம் இந்த எரிச்சலோடு இருந்தேன். காய்ச்சலில் விழுந்த பிள்ளை திங்கட்கிழமை வந்தது. தண்ணீர் மணி அடித்தபோது பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். தொண்டை ஏறி இறங்குகிறதா என்று. ஏறி இறங்கியது. குடித்துவிட்டு அது என்னைப் பார்த்துச் சிரித்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை யாரும் கூப்பிடாமலே மன்றத்துக்குப் போனேன். பயிற்சி முடிந்து பெரிய டீச்சரும் வந்திருந்தார். பேச வேண்டுமென்றால் அங்கே கையைத் தூக்க வேண்டும். தூக்கினேன். குழாய் ஒழுகுவது பற்றி ஒரு ஏழாம் வகுப்புப் பையன் பேசிக்கொண்டிருந்தான். அவன் முடிக்கும்வரை நானும் கையைத் தூக்கியபடியே நின்றேன். அவள் தலையசைத்த பிறகு பேசினேன்.

“சாவி தொலையல. எம்பையிலதான் இருந்துது. உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

இந்தத் தடவை கைதட்டல் இல்லை. குழாய்ப் பையன்தான் கேட்டான். “பின்ன ஏன் டீச்சர் தரல?”

என்னென்னவோ பதில் வாய்வரை வந்தது. சுத்தம், பொறுப்பு, அதிகாரிகள். கடைசியில், “உங்க தலைவர் மேல எனக்குப் பொறாம” என்றேன். எங்கிருந்தோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டது. பெரிய டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

மன்றத்தில் நடப்பதையெல்லாம் எழுதிவைக்க ஒரு நோட்டு உண்டு. எழுதுவது அவள்தான். பேனா நோட்டின் மேலேயே நின்றது.

“எழுதிக்கோம்மா” என்றேன்.

அவள் நோட்டையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினாள். “நான் யாரு பேரையும் எழுத மாட்டேன் டீச்சர்” என்றாள், பழைய அதே குரலில். “நீங்களே எழுதிருங்க.”

எழுதினேன். சாவி தொலையவில்லை, என்னிடம் இருந்தது என்று எழுதி, கீழே என் பேரை எழுதினேன். பத்தொன்பது வருடத்தில் கரும்பலகையில் எத்தனையோ பிள்ளைகளின் பேரை எழுத வைத்திருக்கிறேன், தப்புச் செய்த பேர் என்று என் பேரை எழுதியது அன்றைக்குத்தான். கையெழுத்துக் கோணிக்கொண்டு போனது. அவளுடைய முத்து முத்தான எழுத்துக்குக் கீழே அது இன்னமும் அப்படியே இருக்கிறது.

அந்தச் சாவி இப்போது புதுக் கழிப்பறைச் சுவரில், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் ஓர் ஆணியில் தொங்குகிறது. ராத்திரிக்கு மட்டும்தான் பூட்டு. என் வகுப்பில் ‘பேசியவர்கள்’ கிடையாது. அவள் வேறு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். பஸ்ஸில் பார்த்தால், “நல்லாருக்கீங்களா டீச்சர்?” என்று எழுந்து இடம் கொடுப்பாள். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். தன் பேரைத் தானே எழுதுகிற தைரியம் அவளுக்கு ஏழாம் வகுப்பிலேயே வந்துவிட்டது, எனக்கு வருவதற்கு ஐம்பத்திரண்டு வயது ஆயிற்று என்பதை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளை மேல் எனக்கு இன்றைக்கும் பொறாமையாகத்தான் இருக்கிறது.